இருள் விளைவு (நியான் குழாய்)

இருள் விளைவு என்பது நியான் குழாய்கள் இருட்டில் ஒளிரத் தாமதிக்கும் நிகழ்வு ஆகும். 1950களில் அறிமுகமான நிக்சி எண்காட்டிக் குழாய்களிலும் இது காணப்படுகிறது.

காரணம்

நியான் வளிமத்தில் மின்னிறக்கம் தொடங்குவதற்கு ஒரு கட்டற்ற எதிர்மின்னியாவது (எலக்ட்ரான்) தேவை. மின்புலத்தால் முடுக்கப்படும் அது, அணுக்களில் மோதி மேலும் எதிர்மின்னிகளை விடுவிக்கிறது. அவை அடுக்கடுக்காகப் பெருகுகின்றன. வெளிச்சத்தில் ஒளிமின் விளைவினால் எதிர்மின்வாயிலிருந்து முதல் எதிர்மின்னி எளிதில் கிடைக்கிறது. இருட்டில் அதனை அண்டக் கதிர்களும் இயற்கைக் கதிரியக்கமுமே பெரும்பாலும் தர வேண்டியுள்ளது. ஆகவே போதிய மின்னழுத்தம் இருந்தும் குழாய் உடனே ஒளிர்வதில்லை.

இதனைத் தவிர்க்கச் சில குழாய்களில் கிரிப்டான்-85 சிறிதளவு சேர்க்கப்பட்டது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 10.8 ஆண்டுகள், 50 ஆண்டுகளில் சுமார் 4% மட்டுமே எஞ்சும். பழைய குழாய்கள் இருட்டில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தீர்வுகள்

* குழாயின் மீது சிறு நீல விளக்கின் ஒளி படச் செய்தல்.
* தொடக்க மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்தடையால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துதல்.

நீலகிரியில்

உதகமண்டலத்தில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கிரேப்ஸ்-3 அண்டக் கதிர் ஆய்வுநிலையத்திலும் இதையொத்த தத்துவம் பயன்படுகிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இந்நிலையத்தில், வளிமம் நிரப்பிய குழாய்களுள் நுழையும் மியூவான்கள் எதிர்மின்னிகளை விடுவிக்கின்றன. அவை பெருகுவதால் உண்டாகும் மின்துடிப்பு பதிவு செய்யப்படுகிறது.