சான்றிதழும் குடியாட்சியும்

பள்ளியிறுதித் தேர்வுச் சான்றிதழ் ஒருவர் கற்ற கல்வியை அளந்து காட்டும் கருவி. ஆனால் அதுவே மனிதரைத் தடுத்து நிறுத்தும் வேலியாகவும் மாறலாமா? இவ்வினா பள்ளியை மட்டுமன்றிக் குடியாட்சியின் நலத்தையும் சார்ந்தது.

நம் புதுச்சேரியின் பழைய வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சு ஆட்சியில், 1871 முதல், பிரான்சு நாட்டின் சட்டப் பேரவைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இங்கு வயதுவந்த ஆண்களுக்கு இருந்தது. அண்டையிலிருந்த சென்னை மாகாணத்திலோ 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னரும் பெரும்பாலும் சொத்தும் வரியும் உடையோரே வாக்களித்தனர். நாம் முந்திக்கொண்டோம் என்னலாம். ஆயினும் வாக்களித்தோருள் எழுத்தறிந்தோர் சிலரே. ஆதலின் வாக்குகளைத் திரட்டும் ஆற்றல் செல்வாக்குடைய சிலரின் கையில் தங்கிவிட்டது. வாக்கு வந்தது, கல்வி வரவில்லை.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு இரண்டையும் இணைக்க முயன்றது. எவ்விதக் கல்வித் தகுதியும் கேளாமல் வயதுவந்த அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அதனோடு, பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க அரசு முயல வேண்டும் என்றும் விதித்தது. அக்கல்வி சட்டப்படியான உரிமையாக நடைமுறைக்கு வந்ததோ 2010ஆம் ஆண்டில்தான்.

இந்நிலையில் 2015இல் அரியானா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஊராட்சித் தேர்தலில் போட்டியிடுவோர் பத்தாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் மட்டும் அவ்வரம்பு சற்றுக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நன்மை தீமையைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே தரும் என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று. இராசத்தான் மாநிலமும் இத்தகைய விதியை 2014இல் கொண்டுவந்து, 2019இல் நீக்கிவிட்டது.

படித்தவர் பொறுப்பேற்பது நன்றன்றோ எனச் சிலர் கேட்பர். நன்றே. ஆனால் கல்வி தருவதாகச் சொன்னது அரசு, காலந்தாழ்த்தியதும் அரசு, தண்டனை அடைந்தவரோ கல்வி கிட்டாத ஏழை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்து, சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்தார்; பள்ளியில் மதிய உணவும் அளித்தார். அவ்விதியின்படி அவர் ஓர் ஊராட்சித் தலைவர் பதவிக்குக்கூட நிற்க இயலாது!

பிறரைக் குறை கூறும் முன் என் தவற்றையும் சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களிலும் தனித்தனியே முப்பத்தைந்து மதிப்பெண் பெற வேண்டும் என்பது விதி. ஒரு மாணவி நான்கு பாடங்களில் நன்கு தேறி, கணக்கில் முப்பத்தொன்று பெற்றாள். மறுதேர்வு எழுத வழியிருந்தது. ஆயினும் 'தோற்றவள்' என்னும் ஊர்ச்சொல்லுக்கு அஞ்சி அவள் திரும்பவில்லை. நான் பட்டியலில் கையொப்பமிட்டேன். அவள் வீட்டிற்குச் செல்லவில்லை. விதியை நான் மீறியிருக்க வேண்டியதில்லை. அவளை மீண்டும் அழைத்து வந்திருக்க வேண்டும்.

பல்லாண்டுகள் கழித்து, ரெட்டியார்பாளையத்தில் வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னே அவள் நின்றாள். என் வாக்கும் அவள் வாக்கும் ஒரே எடை. அவளிடம் எந்தச் சான்றிதழையும் நாடு கேட்கவில்லை. அவளுக்குத் தர வேண்டிய கல்வியையோ நாங்கள் முழுமையாகத் தரவில்லை.

தேர்வு வேண்டாம் என்பது என் கருத்தன்று. கற்றதை அளக்க அளவுகோல் வேண்டும். ஆனால் ஒருவர் குறைந்து நின்றால், எவ்வளவு குறைந்தார் என்றறிந்து நிரப்புவதற்கே அது பயன்பட வேண்டும். எல்லார்க்கும் வாக்களித்த நாடு எல்லார்க்கும் கல்வியளிக்கவும் கடன்பட்டது. அக்கடனைத் தீர்க்காமல் குடிமக்களிடம் சான்றிதழ் கேட்பது முறையாகாது.