விண்கலத்தின் தரை ஏன் வளைகிறது?

1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில், டிஸ்கவரி கலத்துக்குள் ஒருவர் வட்டமாக ஓடிக்கொண்டே இருப்பார். அதற்காக 38 அடி விட்டமுள்ள சுழலும் அரங்கையே கட்டினார்கள். அதைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக எழுப்பும்போது முதலில் தடுமாற வைப்பது ‘கீழே’ என்ற திசைதான். சுழற்சியால் கால்கள் வெளிவிளிம்பில் அழுந்துகின்றன. நிமிடத்துக்கு 5 சுற்று என்றால் ஏறக்குறைய நிலாவின் ஈர்ப்பு கிடைக்கும். ஆகவே எந்த நாற்காலியை வைத்தாலும் அதன் முதுகு நடு அச்சை நோக்கியே நிமிர வேண்டும்.

இந்த மாதிரியில் எனக்கு மிகப் பிடித்தது, உள்ளே வைக்கும் மேசை நாற்காலிகளின் விளிம்பு வேலை. கணினி போடும் விளிம்பு கத்திபோல் இருக்கும்; நிஜ மேசையில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு மில்லிமீட்டர் மழுக்கிப் பாருங்கள்: மெல்லிய ஒளிக்கோடு ஓடும், அட்டைப்பெட்டியாகத் தெரிந்த மேசைக்குக் கனம் வந்துவிடும்.