கோபமான முகமும் ஒரு சிக்னல்தான்

என் அக்கா பையனுக்கு எட்டு வயசு. நோட்டு இருந்தால் பென்சில் காணாது, பென்சில் இருந்தால் அவனைக் காணாது. "முறைச்சுப் பார்த்தாக்கூட உறைக்க மாட்டேங்குது, திமிரு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சொன்ன பெயர் ஏ.டி.எச்.டி., கவனக்குறைவுக் கோளாறு. முறைத்ததில் நானும் சளைத்தவனில்லை. அந்த உறுத்தலில்தான் இதைத் தேடிப் படித்தேன்.

நண்பர்களே, ஒரு முகம் கண்ணில் பட்ட சுமார் 170 மில்லி செகண்டில் தலையின் பின்பக்கவாட்டில், வலப்புறம் சற்றுக் கூடுதலாக, ஒரு நெகடிவ் அலை எழும். பெயர் என்170. உயரம் சில மைக்ரோவோல்ட்தான். நம்ம லேபில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குள் மில்லிவோல்ட்டைத் தேடவே மூச்சு வாங்குது! இவர்கள் முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, பதிவுகளைச் சராசரி எடுக்கிறார்கள். தாறுமாறான நாய்ஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும், சிக்னல் நிற்கும். 100 பதிவுக்கு நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் பையன் கண் சிமிட்டினாலே போச்சு, அந்த அலை இதைவிடப் பெரிசு.

அங்கேதான் ஒளி கைகொடுக்கிறது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளி மண்டையோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இரண்டு அலைநீளத்தில் ஒளி அனுப்பி, திரும்பி வருவதை டிடெக்டரில் அளந்தால், மூளையின் மேற்பரப்பில் எங்கே ரத்தம் கூடுகிறதென்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கிளிப்புக்கு இது அண்ணன் முறை. தலை கொஞ்சம் ஆடினாலும் ஈ.ஈ.ஜி. அளவுக்குக் கெட்டுப்போகாது.

2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சிரித்த முகங்களையும் கோப முகங்களையும் காட்டிப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டுக்குமே ரத்த ஓட்டம் கூடியது. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குச் சிரித்த முகத்துக்குக் கூடியது. கோப முகத்துக்கு அப்படிக் கூடவில்லை. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்காக இந்தப் பிள்ளைகளுக்குக் கோபமே புரியாது என்று முடிவு கட்டிவிட முடியாது. அது சில பிள்ளைகளிடம் செய்த சோதனை; என்170 ஆய்வுகளோ ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்வதில்லை. நோயைக் கண்டுபிடிக்கவும் இந்த மெஷின் போதாது. வீட்டிலும் வகுப்பிலும் நடப்பதைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்கிறார்.

இப்போதெல்லாம் நான் முறைப்பதில்லை. எதிரே உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்துவிட்டு, ஒரே ஒரு வேலை சொல்கிறேன். போன வாரம் "மாமா, நோட்டு" என்று அவனே கொண்டுவந்து நீட்டினான். பென்சிலைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.