பெலும் குகைகள்: நீர்த்துளி குடைந்த நெடும்பாதை

நம் இல்லங்களில் அடுப்பு மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் பயன்படும் கடப்பாக் கல்லை அறியாத தாய்மார் இலர். அம்மேடைமீது எலுமிச்சைச் சாறு சிந்தி, உடனே துடைக்காமல் விட்டுவிட்டால், அவ்விடம் பளபளப்பை இழந்து வெளிறிப்போகும். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. புளிப்புப் பட்டால் சிறிது சிறிதாகக் கரையும் இயல்புடையது என்பதே இதற்குக் காரணம். அடுக்களையில் நிகழும் இச்சிறு செயலை மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் இடைவிடாது செய்தால் விளைவு யாதாகும்? அதை நேரில் காண விரும்புவோர் ஆந்திர மாநிலத்தின் பெலும் குகைகளுக்குச் செல்லவேண்டும்.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் தாடிபத்ரி என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய நந்தியால் மாவட்டத்தில், பெலும் சிற்றூர் அமைந்துள்ளது. குகை என்றதும் மலையை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். அங்கே இருப்பது சமவெளி நிலம். அந்நிலத்தின் நடுவே கிணறுகள்போல் வாய் திறந்த பள்ளங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் அமைத்துள்ள படிகளில் இறங்கினால், நிலத்தடியில் ஒரு புதிய உலகமே விரிகின்றது. பிலம் என்பது குகையைக் குறிக்கும் பழஞ்சொல். நம் தமிழிலும் அச்சொல் உண்டு. அதுவே பெலும் என மருவிற்று என்பர்.

இக்குகைகளைப் பற்றி 1884-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் ஆங்கிலேய நிலவியல் அறிஞர். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்கால மனிதரின் கற்கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1982, 1983 ஆண்டுகளில், கெபாவர் என்னும் ஜெர்மானியர் தலைமையில் வந்த குழுவினர் குகைகளை முறையாக அளந்தனர். மொத்த நீளம் 3,229 மீட்டர் எனக் கண்டனர். மேகாலயத்தின் குகைகள் இதனினும் பன்மடங்கு நீளமானவை. ஆயினும், பொதுமக்கள் எளிதில் நடந்து காணத்தக்க குகைகளுள் பெலும் சிறப்பிடம் பெறுகின்றது. 2002-ஆம் ஆண்டு முதல், மின்விளக்கு வசதியுடன், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்ப் பகுதி மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது.

கல்லைக் கரைத்த நீர்

இனி, இக்குகை உருவான விதத்தைக் காண்போம். பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் செய்யும் ஓர் எளிய சோதனையே இதனை விளக்கப் போதுமானது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியாக மூச்சை ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்புடன் சேர்ந்து, கரையாத நுண்துகளாவதே இவ்வெண்மை. அத்துகளும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள்தான். நிறுத்தாமல் மேலும் ஊதினால் என்ன நிகழும்? வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளிவடையும். மிகுதியான கரியமில வாயு அத்துகளைக் கரைத்துவிடுகின்றது.

இதையே இயற்கையும் செய்கின்றது. மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது உட்கொள்கிறது. மண்ணுள் இறங்குங்கால், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அவ்வாயுவை மேலும் மிகுதியாகப் பெற்று, மெல்லிய புளிப்புநீராக மாறுகிறது. பாறையின் வெடிப்புகளில் புகுந்து, கல்லைக் கரைத்து, தன்னுடன் கொண்டு செல்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு விரல் அகலமாகி, பின்னர் ஆள் நுழையும் வழியாகிறது. பெலும் குகையின் சுவர்கள் குயவன் கைபட்ட களிமண்போல் வழுவழுப்பாக வளைந்திருப்பது, ஒரு காலத்தில் அவ்வழி முழுவதும் நீர் நிறைந்து ஓடியதற்குச் சான்று. நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தபின் வழிகள் வெறுமையாயின. குகையின் மிகத் தாழ்ந்த பகுதியான பாதாளகங்கையில் இன்றும் ஒரு சிற்றோடை ஓடிப் பூமிக்குள் மறைகின்றது.

மீண்டும் கல்லாகும் நீர்

குகை வெறுமையானபின் இரண்டாம் பணி தொடங்குகிறது. சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும் துளி, குகையின் கூரையில் வந்து தொங்குகிறது. சோடாப் புட்டியைத் திறந்ததும் வாயு வெளியேறுவதுபோல, துளியிலிருந்த கரியமில வாயு குகையின் காற்றில் கலந்துவிடுகிறது. தாங்கும் வலுவிழந்த நீர், தான் சுமந்த சுண்ணாம்பைக் கூரையில் படியவைக்கிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் படிவு சேர்வதும் இதே முறையில்தான். இவ்வாறு கூரையிலிருந்து ஆலமர விழுதுபோல் இறங்குவது கல்விழுது. கீழே விழும் துளியால் தரையிலிருந்து எழுவது கல்முளை. இரண்டும் சந்தித்தால் கல்தூண் ஆகும்.

அவை வளரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்வதாகக் கொண்டாலும், ஒரு சாண் நீளம் வளர இரண்டாயிரம் ஆண்டுகள் வேண்டும். அதாவது, நம் ஆண்டவர் பிறந்த நாளில் வளரத் தொடங்கிய கல்விழுது இன்று ஒரு சாண் அளவே இருக்கும்!

பாறையின் வயதோ எண்ணிப் பார்க்கவும் அரியது. ஆழமற்ற கடலடியில் இச்சுண்ணாம்பு படிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. "அப்படியானால் ஆறு நாளில் படைப்பு என்பது என்னவாயிற்று?" என்று நம் இளைஞர் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு அஞ்சவேண்டியதில்லை. விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளைக் கருத்திற்கொண்டே இறைவார்த்தையின் பொருளைக் காணவேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்துள்ளது. மேலும், பாறை அடுக்குகளைப் படிக்கும் கலைக்கு 1669-இல் அடிப்படை விதிகளை வகுத்தவர், பின்னாளில் ஆயராகத் திருநிலை பெற்ற நீல்ஸ் ஸ்டென்சன் என்பதை நம்மவர் பலர் அறியார். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்று முறைப்படுத்திக் கூறியவர் அவரே. 1988-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

காக்கவேண்டிய செல்வம்

இரண்டாயிரம் ஆண்டுகளில் வளர்ந்ததை ஒடிக்க ஒரு நொடி போதும். ஒடிக்கவும் வேண்டாம், தொட்டாலே தீங்குண்டு. நம் கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் போகலாம், வளர்ச்சி தடைப்படும். பிரான்சு நாட்டின் இலாஸ்கோ குகையில் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்த ஓவியங்கள், பார்வையாளரின் மூச்சுக் காற்றாலும் விளக்கொளியாலும் சிதையத் தொடங்கின. 1948-இல் திறக்கப்பட்ட அக்குகை 1963-இல் மூடப்பட்டது. ஆசையுடன் பார்க்க வந்த நல்லோராலேயே அந்தச் சேதம் நேர்ந்தது.

மற்றொன்றும் உண்டு. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மழைநீர் மணலில் வடிகட்டப்படுவதுபோல் வடிகட்டப்படுவதில்லை. பிளவுகள் வழியே நேராகக் கீழே இறங்குகிறது. மேலே பள்ளத்தில் கொட்டும் குப்பையின் நஞ்சு, எங்கோ ஒரு குடும்பம் குடிக்கும் கிணற்றை விரைவில் அடைந்துவிடும்.

ஆகவே, விடுமுறையில் பெலும் செல்லும் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன். உள்ளே புழுக்கம் மிகுதி. எனவே முதியோரும் மூச்சுத் தொல்லை உடையோரும் மருத்துவரைக் கேட்டபின் இறங்குவது நன்று. வழுக்காத காலணி அணியுங்கள். சுவரில் பெயர் பொறிக்க எவரையும் விடாதீர்கள். பிள்ளைகளிடம், "தொடாதே" என்று மட்டும் கூறி நிறுத்தாமல், ஏன் தொடலாகாது என்பதையும் விளக்குங்கள். காரணம் அறிந்த பிள்ளை, பெற்றோர் அருகில் இல்லாதபோதும் கையை மடக்கிக்கொள்ளும்.