ஒரு நூலும் இரு முத்திரையும்

ஒரு மாணாக்கன் ஓர் ஆராய்ச்சி நூலை எழுதுகின்றான். அவன் இரு நாடுகளிலுள்ள இரு பல்கலைக்கழகங்களிலும் பதிவுபெற்றவன். ஈரிடத்தும் அவனுக்கு நெறியாளர் உளர். நூல் முடிந்தபின், இரு கழகத்தாரும் உடன்பட்டு அமைத்த ஒரே அவை அதனை ஆராய்ந்து தீர்ப்பளிக்கின்றது. பட்டம் இரு கழகங்களின் பெயராலும் வழங்கப்படுகின்றது. கூட்டுக் கலாநிதிப் பட்டம் என்று இக்காலத்துப் பேசப்படுவது இதுவே. பிரெஞ்சுக்காரர் இதனைக் ‘கொத்யுத்தெல்’ என்பர். பிள்ளையொன்றுக்கு இருவர் கூடிக் காவலராய் நிற்றல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். பொருத்தமான பெயர்தான், ஆயினும் காவலர் இருவராகும்போது பிள்ளை படும் பாடும் அப்பெயரினுள்ளேயே அடங்கியிருக்கின்றது.

இம்முறைக்குச் சட்ட வடிவு தந்த நாடுகளுட் பிரான்சு முற்பட்டது. 1994ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அந்நாட்டரசு இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தது; 2005இலும் 2016இலும் அது புதுக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 1999இற் பொலோஞா நகரிற் கூடி உயர்கல்வியை ஓரொழுங்கிற்குக் கொணரத் தொடங்கி, 2003இற் பெர்லினிற் கலாநிதிப் படிப்பையும் அவ்வொழுங்கினுள் அடக்கின. 2009 முதல் ‘எராஸ்மஸ் முண்டஸ்’ என்னுந் திட்டம் கூட்டுக் கலாநிதிப் படிப்பிற்குப் பொருளும் உதவிற்று. நமக்கு அணித்தாகிய மும்பையில் இந்தியத் தொழினுட்பக் கழகமும் அவுஸ்திரேலிய நாட்டு மொனாஷ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2008இல் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவின. அங்குப் பயில்வோர் பெரும்பகுதிக் காலத்தை மும்பையிலும், ஒரு சிறு பகுதியை மொனாஷிலுங் கழித்து, இரண்டின் பெயராலும் பட்டம் பெறுவர்.

இம்முறையின் அருமையை உணர வேண்டின், நம்மவர் முன்னாளிற் பட்டம் பெற்ற வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். ஓரிடத்திற் பயின்று வேறோரிடத்தின் முத்திரையைப் பெறுதல் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் இலக்கணமும் இலக்கியமும் பயின்றோர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சைக்குத் தோற்றினர். 1921இற் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவரை இலண்டன் பட்டத்திற்கே ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னருங்கூட ஆராய்ச்சிப் பட்டத்தை நாடியோர் கப்பலேறினர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பழைய தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றது இலண்டனில். பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்ஹாம் சென்று, கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடத்தில் ஆராய்ந்தார். பேராசிரியர் சிவத்தம்பியும் அங்குச் சென்றே பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார்.

தொம்சன் தமிழறிஞர் அல்லர். ஆயினும் கிரேக்க வீரப் பாடல்களை அவர்போல அறிந்த ஒருவரை அடுத்தமையாலேயே, சங்கச் செய்யுள்களை ஹோமரின் பாடல்களோடு ஒப்புநோக்கும் கண் கைலாசபதிக்கு வாய்த்தது எனலாம். உள்ளூரிலேயே இருந்து உரையாசிரியர்களை மட்டும் ஓதிக்கொண்டிருந்தால் அது வாய்த்திராது. பண்டித மரபில் வந்தோர் சிலருக்கு இது கசக்கும், கசப்பினும் உண்மை. பிறநாட்டு ஆசிரியரால் வரும் நன்மை இத்தகையது. ஆனால் அந்நாளிற் பட்டம் பேர்மிங்ஹாமுக்கு மட்டுமே உரியதாயிற்று. பாடத்தை ஐயந்திரிபறக் கற்பித்து அனுப்பிய இலங்கை ஆசிரியரின் கை அந்த நூலின் தீர்ப்பில் எவ்விடத்தும் பட்டதில்லை.

பின்னாளிற் சுவீடன் நாட்டின் உதவியோடு வேறொரு முறை வந்தது. மாணவர் இங்கே சில திங்கள், அங்கே சில திங்கள் என மாறிமாறி இருந்து ஆராய்வர். தரவு இங்கிருந்து திரட்டப்படும். ‘சான்ட்விச்’ முறை என்று அதற்குப் பெயர். அறிஞர்கள் நாட்டைவிட்டு ஒரேயடியாகப் போய்விடாமற் காத்த நல்ல முறை அது. எனினும் அம்முறையிற் பெரும்பாலும் பட்டம் சுவீடன் பல்கலைக்கழகத்தினதே. கூட்டுப் பட்டம் இக்குறையை நீக்குகின்றது. வீட்டு ஆசிரியர் உபசாரத்துக்கு இருப்பவரல்லர், ஒப்பமிடுபவர். நூலின் குற்றங்குறைகட்கு அவரும் பொறுப்பு. அதன் புகழில் அவருக்கும் பங்கு.

இனி இடர்ப்பாடுகளை நோக்குவோம். இவற்றுள் மிகப் பெரியது பரீட்சை மரபுகளின் முரண். ஜேர்மனியில் நெறியாளரே வழக்கமாக முதல் மதிப்பீட்டாளராகி அறிக்கை எழுதுவார். பிரான்சில் 2016ஆம் ஆண்டு ஆணையின்படி நெறியாளர் அவையில் அமர்ந்திருப்பினும் தீர்ப்பிற் பங்குகொள்ளார். இங்கிலாந்திலோ பரீட்சகர் இருவர் பூட்டிய அறையினுள் மாணவரை வினாவுவர். பிரான்சில் அதே வினாவல் ஊரறிய நடைபெறும். அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் வாய்மொழிப் பரீட்சையே வழக்கில் இல்லை; நூலைத் தூரதேசத்துப் பரீட்சகருக்கு அனுப்பி அவர்தம் எழுத்து அறிக்கையைப் பெற்றுத் தீர்த்தனர். ஜேர்மனியில் நூலை வெளியிட்ட பின்னரே பட்டப்பெயரை முறையாகத் தரிக்கலாம். ஜேர்மனியும் பிரான்சும் கூடி ஒரு பட்டம் வழங்க முற்படின், நெறியாளர் தீர்ப்புச் சொல்வதா, வாய்பொத்தி இருப்பதா? இதனை ஆராய்ச்சி தொடங்குமுன்னரே உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளாதார் மூன்றாண்டின் பின்னர்த் தலையிலடித்துக்கொள்வர். கல்வியாண்டுங்கூட ஒத்துவருவதில்லை; பிரான்சில் இலையுதிர் காலத்திலும் அவுஸ்திரேலியாவில் மாசி பங்குனியிலும் அது தொடங்கும்.

நெறியாளர் இருவரும் கருத்தொருமித்தால் மாணவன் பேறுபெற்றவன். ஒருவர் விரிவாக எழுதுக என்றும், மற்றவர் பாதியைக் குறைக்க என்றுஞ் சொல்லின் அவன் இருதலைக் கொள்ளியுள் எறும்புதான். ஒரு நூலுக்கு இரு பட்டம் எடுத்தானென்று பழிப்பாரும் உளர். அப்பழிக்கு மருந்து எளிது: இஃது இன்ன கழகத்தோடு கூடி வழங்கிய பட்டம் என இரு சான்றிதழ்களிலும் எழுதிவிட்டாற் போதும்.

பொருளைப் பற்றிய பேச்சை எவரும் விரும்புவதில்லையாயினும் அதுவே பல இடங்களில் முடிவுசெய்கின்றது. பிரான்சின் முறையிற் கட்டணத்தை இரு கழகத்துக்குஞ் செலுத்தவேண்டியதில்லை; ஒன்றிற் செலுத்தினாற் போதும். நன்று. ஆனால் விமானச் செலவையும், விசாவுக்கு அலையும் அலைச்சலையும், குளிர்நாட்டில் அறை வாடகையையும் எந்த ஆணையும் ஏற்றுக்கொள்வதில்லை. செல்வமுடைய கழகம் உதவிப்பணம் தருமாயின், ஆராய்ச்சிப் பொருளை வகுக்கும் உரிமையும் மெல்ல அதன் பக்கஞ் சாய்ந்துவிடும். எழுத்தில் இருவரும் சமம். நடைமுறையில் ஒருவர் எசமானர், மற்றவர் தரவு திரட்டிக் கொடுப்பவர். இந்நிலையிற் பழைய முறையே பெயர்மாறி வந்ததாகும்.

மொழியே எஞ்சி நிற்பது. தமிழாசிரியர் கண்ணுக்கு இதுவே முதலிற் படும். கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி எழுதிய நூல் 1968இல் ஒக்ஸ்போட் அச்சகத்தின் மூலம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சிவத்தம்பியின் ஆராய்ச்சி நூல் 1981இல் அச்சேறியதும் ஆங்கிலத்திலேயே. புறநானூற்றைத் தமிழிற் படித்தவர்கள் அதைப் பற்றிய ஆராய்ச்சியைத் தமிழிற் படிக்க நெடுங்காலம் காத்திருந்தனர். பிரான்சின் ஆணையோ நூல் எம்மொழியில் எழுதப்படும் என்பதை உடன்படிக்கைக்கே விட்டுவிட்டது; பிரெஞ்சில் எழுதாதவிடத்துப் பிரெஞ்சிற் சுருக்கமொன்று வைத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. தமிழ் இலக்கியத்தையோ நம் ஊர்க் கூத்தையோ ஆராயப் புகும் ஒருவர், நூல் தமிழிலும் சுருக்கம் மற்ற மொழியிலும் அமைக என்று கேட்பதற்கு அந்த ஆணையில் யாதொரு தடையும் இல்லை. அவையில் அமரும் பிறநாட்டறிஞர் தமிழ் படிக்க வல்லவராயிருத்தல் வேண்டுமே என்பது மெய்யான இடர், அத்தகையோர் சிலரே. அதனால் அவையினரின் பெயர்களையும் நூலின் மொழியையும் ஒரே வேளையில், முதலாண்டிலேயே பேசி எழுதிக்கொள்ளல் வேண்டும். துணைவேந்தர்கள் ஒப்பமிட்டபின் அந்த வரியை மாற்றுதல் அரிது.