ஏற்காட்டு வானில் இரு வைகறைகள்

தொழுகை நேரங்கள் குறித்த பாடத்தில், ஃபஜ்ருல் காதிப் எனும் பொய் வைகறையின் இலக்கணத்தையும் ஃபஜ்ருஸ் ஸாதிக் எனும் மெய் வைகறையின் இலக்கணத்தையும் மாணவர்கள் பிழையின்றி ஒப்பிப்பர். "கண்டதுண்டா?" எனக் கேட்டால் வகுப்பில் மௌனம் நிலவும். நகரத்து விளக்கொளியில் வளர்ந்தோர் மீது குற்றமில்லை. பாடம் நடத்திய நானும் நெடுங்காலம் கண்டதில்லை. கண்டது ஏற்காட்டில், ஒரு தை மாதத்தில்.

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், தையில் வறண்ட வாடைக்காற்று வீசும். வளிமண்டலத்தின் ஆறிலொரு பங்கு இவ்வூருக்குக் கீழே தங்கிவிடுகிறது. சமவெளியின் தூசும் புகையும் பெரும்பாலும் அதனுள்ளே அடங்கிவிடும். எனவே விண்மீன்கள் கூர்மையாகத் தெரிகின்றன. மூடுபனியே தடை. குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலப் பள்ளம் நாடும். ஆகவே ஏரிக்கரையில் பனி திரண்டிருக்கும் வேளையிலும் மேட்டுநிலம் தெளிந்திருப்பதுண்டு.

தை நடுவில் இரவு பத்து மணியளவில் நிமிர்ந்து நோக்கினால் திருவாதிரை ஏறத்தாழ உச்சியில் செம்மையாக ஒளிரும். அரபியர் ஜவ்ஸா என்றழைத்த உருவத்தின் கை அது. மேற்கே சாய்ந்திருக்கும் ரோகிணி அவர்களுக்குத் தபரான். 'பின்தொடர்வது' என்பது பொருள். அது பின்தொடரும் கார்த்திகைக் கூட்டமே ஸுரையா. தென்திசையில் மிகப் பிரகாசமானது ஷிஃரா. அதன் இரட்சகனும் அல்லாஹ்வே என்று அந்நஜ்ம் அத்தியாயத்தின் 49ஆம் வசனம் அறிவிக்கிறது. அதற்கும் கீழே, அடிவானிலிருந்து 25 பாகை உயரத்தில், சேலம் நகர விளக்கொளிக்கு மேலாக நிற்பது ஸுஹைல். தமிழர் அதனை அகத்தியர் என்பர். பாலைவனப் பயணிக்கும் மரக்கல மாலுமிக்கும் அது வழிகாட்டி. 'மாலுமி' என்ற சொல்லே 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததன்றோ!

இனி வைகறைக்கு வருவோம். பிறை தோன்றிய முதல் சில நாட்களில் பின்னிரவு நிலவின்றி இருக்கும். அப்போது மலையின் கிழக்கு விளிம்பிலுள்ள பகோடா பாயிண்ட் போன்ற திறந்த இடத்தில் காத்திருத்தல் வேண்டும். முதலில் அடிவானிலிருந்து மேல்நோக்கி, கூம்பு போன்ற மங்கிய வெண்மை எழும். அரபியர் இதனை ஓநாயின் வாலுக்கு ஒப்பிட்டனர். கோள்கள் சுற்றும் தளத்தில் பரவிக் கிடக்கும் நுண்தூசு கதிரவன் ஒளியைச் சிதறச் செய்வதே இதன் காரணம். 1683இல் காஸினி இதனை ஆராய்ந்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, செங்குத்தான அவ்வெண்மை கண்டு ஸஹர் உணவை நிறுத்திவிட வேண்டாம் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பின்னர் அடிவானின் இருபுறமும் குறுக்காகப் படர்ந்து வளரும் ஒளியே மெய் வைகறை. இது நமது வளிமண்டலத்தில் சிதறும் ஒளி.

இவ்வேறுபாடு வெறும் வேடிக்கையன்று. கதிரவன் அடிவானுக்குக் கீழே 18 பாகையில் இருக்கையில் ஃபஜ்ரு தொடங்குவதாகச் சில அட்டவணைகளும், 15 பாகையில் எனச் சில அட்டவணைகளும் கணிக்கின்றன. ஏற்காட்டில் தை மாதத்தில் இந்த 3 பாகை ஏறத்தாழ 13 நிமிடங்கள். நோன்பாளி உண்பதை நிறுத்துவதும், தொழுகை நிறைவேறுவதும் அந்நிமிடங்களைச் சார்ந்தவை. அட்டவணையை நான் மறுக்கவில்லை; கோடிக்கணக்கானோர்க்கு அது பேருதவி. ஆயினும் அல்பகரா 187ஆம் வசனம் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் குறிப்பிடுவது கண்ணால் காண்போரை நோக்கியே. கணக்கைச் சரிபார்க்கும் உரைகல் கண்தான்.

ஆண்டுக்கு ஓரிரவேனும் நம் மத்ரஸாக்கள் மாணவர்களைப் போர்வையுடன் இத்தகைய மலைக்கு அழைத்துச் செல்லலாம். கிதாபில் படித்த இரு வரிகளின் பொருள் அங்கே கண்முன் விரியும்.