விக்கி இணைப்பும் வேற்றுமைப் புணர்ச்சியும்



பலர் கூடி ஒரே பக்கத்தை எழுதவும் திருத்தவும் இடந்தரும் இணையத்தளத்தை விக்கி என்கிறோம். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்பது பொருள். வார்டு கன்னிங்காம் என்பவர் 1995ஆம் ஆண்டில் தாம் அமைத்த தளத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். இன்று கலைக்களஞ்சியங்கள் மட்டுமன்றி, நிறுவனங்களின் திட்ட மேலாண்மைக் குறிப்பேடுகளும் மாணவர்களின் குழுப்பணிகளும் இம்முறையில் எழுதப்படுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ் டவுன் மாணவர் குழு ஒன்று, பினாங்குத் தமிழர் வரலாற்றைப் பற்றி விக்கியில் எழுதிய பக்கங்களை நான் பார்வையிட நேர்ந்தது. செய்திகளை நன்கு திரட்டியிருந்தனர். ஆனால், 'பினாங்கு', 'பினாங்கில்', 'பினாங்கின்' என்னும் மூன்று தலைப்புகளில் மூன்று பக்கங்கள் இருந்தன. ஒன்றில் துறைமுகத் தொழிலாளரைப் பற்றிய செய்தி. மற்றொன்றில் 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலின் வரலாறு. மூன்றாவதில் பள்ளிகளைப் பற்றிய குறிப்பு. ஒரு பக்கத்தைப் படிப்பவர் மற்ற இரண்டும் உள்ளன என்பதையே அறியமாட்டார். மாணவர்களின் உழைப்பு மூன்றாகச் சிதறிக் கிடந்தது. அவர்களுக்குக் கணினி அறிவில் குறைவில்லை. வேற்றுமைப் புணர்ச்சியை அவர்கள் அங்கே நினைவுகூரவில்லை என்பதே குறை.

தொடக்கக் கால விக்கியில் இரு சொற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் அதுவே இணைப்பாகிவிடும். ஆங்கிலத்துக்கு அது எளிது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழுக்கு அம்முறை பொருந்தாது. பின்னர் வந்த இரட்டைச் சதுர அடைப்புக்குறி முறை எல்லா எழுத்துமுறைகளுக்கும் பொதுவாயிற்று. 2003இல் தொடங்கி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியாவும் இம்முறையையே கையாள்கிறது. [[பினாங்கு]] என்று எழுதினால், அச்சொல் 'பினாங்கு' என்னும் தலைப்புள்ள பக்கத்துக்கு இட்டுச்செல்லும். அத்தலைப்பில் பக்கம் இல்லையெனில் இணைப்பு சிவப்பு நிறத்தில் தோன்றும்.

தலைப்பு என்பது உருபு ஏலாத பெயர். வாக்கியத்தில் வரும் பெயரோ பெரும்பாலும் உருபேற்று வடிவம் மாறியே வருகிறது. 'பினாங்கில் வாழ்ந்தனர்' என்னும் தொடரில் [[பினாங்கில்]] என அடைப்புக்குறி இட்டால், அத்தலைப்பில் பக்கம் இல்லாமையால் சிவப்பு இணைப்பே கிடைக்கும். அதனை அழுத்தி எழுதத் தொடங்குபவர் தம்மை அறியாமலே இரண்டாவது பக்கம் ஒன்றை உருவாக்கிவிடுகிறார். நான் கண்ட மூன்று பக்கங்களும் இவ்வாறே பிறந்தவை.

இதற்குரிய தீர்வு நிலைக்குத்துக் கோடு. [[பினாங்கு|பினாங்கில்]] என்று எழுதினால், கோட்டுக்கு இடப்புறம் உள்ளது சென்றுசேரும் தலைப்பு. வலப்புறம் உள்ளது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் வடிவம்.

எல்லா இடத்திலும் கோடு வேண்டுமா எனில், விடையைப் புணர்ச்சி இலக்கணமே தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில், அடைப்புக்குறியை மூடியவுடன் இடைவெளியின்றி எழுதும் தமிழ் எழுத்துகளும் இணைப்பில் சேர்ந்தே தோன்றும். ஆகவே ஆ, இ, ஐ போன்ற உயிரீற்றுப் பெயர்களுக்கு உடம்படுமெய் துணைநிற்கிறது: [[மலேசியா]]வில், [[மதுரை]]யில் என எழுதலாம். இங்கே நிலைமொழி சிறிதும் மாறவில்லை.

பின்வரும் மூன்று இடங்களில் நிலைமொழி மாறுகிறது. அங்கே கோடு இன்றியமையாதது. முதலாவது, மெய்யீற்றுச் சொல்லோடு உயிர்முதல் உருபு சேருமிடம். கடல் என்பதோடு இல் சேரும்போது புள்ளி நீங்கிக் கடலில் என்றாகிறது, எனவே [[கடல்|கடலில்]]. இரண்டாவது, குற்றியலுகர ஈறு. பினாங்கு என்பது உகரம் கெட்டுப் பினாங்கில் என்றாகிறது. வீடு, ஆறு என்பன ஒற்று இரட்டித்து வீட்டில், ஆற்றில் என்றாகின்றன. மூன்றாவது, மகர ஈறு. மரம் என்பது மகரம் கெட்டு, அத்துச் சாரியை பெற்று மரத்தில் என்றாகிறது, எனவே [[மரம்|மரத்தில்]]. உருபு வந்தபின் நிலைமொழி முழுமையாக நிற்கிறதா என்பதைக் கண்டறிவதே வழி. நின்றால் கோடு வேண்டா. திரிந்தாலோ கெட்டாலோ கோடு வேண்டும்.

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எழுத்துகள் இணைப்போடு சேரும் வசதி எல்லா விக்கிகளுக்கும் உரியதன்று. திட்ட மேலாண்மைக்குப் பயன்படும் ரெட்மைன் மென்பொருளின் விக்கியிலும் இரட்டை அடைப்புக்குறியும் கோடும் இதே வரிசையில் வருகின்றன. ஆதலின் ஐயம் எழும்போது கோட்டு முறையைக் கையாள்வதே பாதுகாப்பானது.

எழுத்தமைப்புக் குறிகள் விக்கிக்கு விக்கி வேறுபடும். விக்கிப்பீடியாவில் சொல்லின் இருபுறமும் மும்மூன்று தனி மேற்கோள்குறிகளை இட்டால் அது தடித்த எழுத்தாகும். இரண்டிரண்டு இட்டால் சாய்வெழுத்தாகும். ரெட்மைனில் வழங்கும் டெக்ஸ்டைல் முறையிலோ சொல்லின் இருபுறமும் ஒவ்வோர் உடுக்குறி இட்டால் தடித்த எழுத்து வரும். அதே உடுக்குறி விக்கிப்பீடியாவில் வரித்தொடக்கத்தில் நின்றால் பட்டியலைத் தொடங்கும். எனவே, ஒரு தளத்தில் எழுதியதை மற்றொன்றில் அப்படியே ஒட்டலாகாது. சாய்வெழுத்தைத் தமிழில் அளவோடு பயன்படுத்துதல் நன்று. ஒரு சொல்லை வலியுறுத்த நமக்கு ஏகாரம் உண்டு. தொல்காப்பியர் அதன் பொருள்களுள் ஒன்றாகத் தேற்றத்தைச் சுட்டுகிறார். 'அவனே வந்தான்' என்பதில் எழுத்தைச் சாய்க்காமலே அழுத்தம் பிறக்கிறது. தடித்த எழுத்தைக் கட்டுரைத் தலைப்பு முதன்முறை வரும் இடத்துக்கு ஒதுக்கலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஜார்ஜ் டவுன் என்று ஒருவர் எழுதுவதை ஜோர்ஜ் டவுன் என்று மற்றொருவர் எழுதுவார். மலேசியா, தமிழகம், இலங்கை ஆகிய மூன்று இடங்களின் தமிழரும் கூடும் தளத்தில் இது இயல்பே. எது சரி என்று பூசலிடுவதினும், ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு மற்றதை அதற்கு வழிமாற்றாக அமைத்தல் அறிவுடைமை.

அந்த மாணவர்கள் ஒரு பிற்பகலில் தங்கள் மூன்று பக்கங்களையும் ஒன்றாக்கினர். ஒவ்வோர் இணைப்பிலும் தலைப்பு வடிவம் எது, வாக்கிய வடிவம் எது என்று பிரித்து எழுதியபோது, தேர்வுக்காக மனனம் செய்த உடம்படுமெய்யும் அத்துச் சாரியையும் அவர்களுக்குப் பயன்படு கருவிகளாயின. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: வேற்றுமைப் புணர்ச்சியைக் கற்பிக்கும் நாளில் மாணவர் கையால் பத்து விக்கி இணைப்புகளை எழுதச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் கோடு ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்பதற்கு இலக்கணக் காரணத்தையும் அருகில் குறிக்கச் சொல்லுங்கள்.